கடிதம் போதும் என்று நம்பிய சட்டம்: பிரிட்டனின் ஓய்வூதிய வழிகாட்டல் விதிகள் பிறந்த கதை

2017ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். தென் வேல்சின் போர்ட் டால்பட் எஃகு ஆலையிலும் பிற பிரிட்டிஷ் எஃகு ஆலைகளிலும் உழைத்தவர்களின் முன் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. 2007இல் கோரஸ் நிறுவனத்தை வாங்கியதன் வழியாக அந்த ஆலைகளின் உரிமையாளராகியிருந்த டாட்டா ஸ்டீல், பழைய ஓய்வூதியத் திட்டத்தின் சுமையிலிருந்து அப்போதுதான் விலகியிருந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டது அத்திட்டம். வருடாந்தர உயர்வு குறைக்கப்பட்ட புதிய திட்டத்திற்குச் செல்வதா, அரசு சட்டத்தால் நிறுவப்பட்ட ஓய்வூதியக் காப்பு நிதியத்தை ஏற்பதா என்பதை டிசம்பருக்குள் முடிவு செய்ய வேண்டும். இன்னும் ஓய்வுபெறாதவர்களுக்கு மூன்றாவது வழியும் இருந்தது: உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத்தையே கைவிட்டு, அதற்கீடான பணத்தைத் தனியார் கணக்கிற்கு மாற்றிக்கொள்வது. முப்பது ஆண்டுகள் உலைக்களத்தில் நின்ற ஒருவர், வாழ்வின் மிகப்பெரிய நிதி முடிவைச் சில வாரங்களில் எடுக்க வேண்டியிருந்தது.

அந்த மூன்றாவது வழி அவ்வளவு கவர்ச்சியாகத் தோன்றியதன் காரணம் மூன்றரை ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. 2014 மார்ச் 19 அன்று நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் தம் வரவு செலவுத் திட்ட உரையில், சேமிப்புவகை ஓய்வூதியம் கொண்டோர் இனி அன்யூட்டி எனப்படும் ஆயுள்கால ஆண்டுத்தொகையை வாங்க வேண்டிய கட்டாயமில்லை என்று அறிவித்தார். அதுவரை வரி விதிகள் பெரும்பாலோரை அந்த ஒரே வழியில்தான் நிறுத்தியிருந்தன. அன்யூட்டிச் சந்தையும் சேமிப்பாளருக்குச் சாதகமாக இருக்கவில்லை. தம் பழைய நிறுவனத்திடமே அன்யூட்டி வாங்கியவர்களில் பத்தில் எட்டுப் பேர் வெளியே விசாரித்திருந்தால் கூடுதலாகப் பெற்றிருக்கக்கூடும் என்று நிதி நடத்தை ஆணையம் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் கண்டறிந்திருந்தது. வெளியே வாங்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அதைத் தெரிவிக்கும் கடிதங்களும் வந்துகொண்டிருந்தன. ஆயினும் பலர் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை.

புதிய சுதந்திரத்தோடு ஒரு வாக்குறுதியும் அளிக்கப்பட்டது. ஓய்வுபெறும் ஒவ்வொருவருக்கும் இலவசமான, நடுநிலையான, நேர்முக 'ஆலோசனை' கிடைக்கும் என்றது அமைச்சரின் உரை. சில மாதங்களில் அச்சொல் 'வழிகாட்டல்' என மாறியது. இம்மாற்றம் சிறியதன்று. பிரிட்டிஷ் சட்டத்தில் ஆலோசனை என்பது ஒருவரின் நிலைமையை ஆராய்ந்து 'இதைச் செய்க' என்று பரிந்துரைப்பது. அதற்கு உரிமம் வேண்டும், கட்டணம் உண்டு, தவறினால் பொறுப்பும் உண்டு. வழிகாட்டலோ உள்ள வழிகளை விளக்கி, அவற்றின் வரியையும் இடரையும் சொல்லி, முடிவைக் கேட்பவரிடமே விட்டுவிடுவது. 2015 ஏப்ரலில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, ஐம்பது வயது கடந்தோருக்கான 'பென்ஷன் வைஸ்' சேவையும் பிறந்தது. அதைப் பற்றி உறுப்பினருக்குத் தெரிவிப்பது ஓய்வூதியத் திட்டங்களின் கடமையாயிற்று. ஓய்வுபெறுவோருக்கு அனுப்பப்படும் தடித்த கடிதக் கட்டில் அச்சேவையின் பெயரும் தொலைபேசி எண்ணும் இடம்பெற்றன. சட்டத்தின் பார்வையில் கடமை நிறைவேறியது.

உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத்தை விட்டு வெளியேறுவோருக்குச் சட்டம் இன்னும் கடுமையாக இருந்தது. மதிப்பு 30,000 பவுண்டைத் தாண்டினால் உரிமம் பெற்ற ஆலோசகரின் ஆலோசனையைப் பெற்றே தீர வேண்டும். போர்ட் டால்பட்டில் அந்த வேலிதான் பயிரை மேய்ந்தது. உறுப்பினர் வெளியேறினால் மட்டுமே தமக்குக் கட்டணம் என்ற ஏற்பாட்டில் பல ஆலோசகர்கள் இயங்கினர். ஏறத்தாழ 8,000 பேர் சராசரியாக மூன்றரை இலட்சம் பவுண்டு வீதம், மொத்தம் 280 கோடி பவுண்டு அளவில் வெளியே எடுத்துச் சென்றனர். பின்னர் நிதி நடத்தை ஆணையம் ஆய்ந்த நேர்வுகளில் ஏறத்தாழ பாதியில் கொடுக்கப்பட்ட ஆலோசனை பொருந்தாதது எனத் தெரியவந்தது. வெளியேறினால்தான் கட்டணம் என்னும் முறை 2020 அக்டோபரில் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டது. இழப்பீட்டுத் திட்டம் 2023இல்தான் தொடங்கியது. அவசரத்தில் முடிவெடுத்தவர்களுக்கு ஆதாயம் எதிர்பாராத ஒரு குரல் உரிய வேளையில் கேட்கவில்லை என்பதே இந்நிகழ்வின் சாரம்.

கடிதத்தில் எண்ணை அச்சிடுவதும் ஒருவரை வழிகாட்டியிடம் அழைத்துச் செல்வதும் வேறு என்பதைச் சட்டம் மெல்லவே கற்றது. 2018ஆம் ஆண்டின் நிதி வழிகாட்டல் சட்டம், சேமிப்பைத் தொட விண்ணப்பிக்கும் வேளையிலேயே உறுப்பினரை வழிகாட்டலுக்கு ஆற்றுப்படுத்தும் விதிகளை வகுக்க ஆணையிட்டது. சிதறிக் கிடந்த மூன்று சேவைகள் 2019இல் ஒரே பொது அமைப்பாக இணைந்தன. விண்ணப்பிப்பவரிடம் நேரடியாகப் பேசிச் சந்திப்பை ஏற்பாடு செய்தால் என்ன ஆகும் என்று சோதித்தும் பார்த்தனர். 2020இல் வெளியான முடிவின்படி, வழக்கமான முறையில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே வழிகாட்டல் பெற்றனர். புதிய முறையில் அது ஏறத்தாழ 11 விழுக்காடாயிற்று.

2022 ஜூன் 1 முதல் இது விதியானது. ஐம்பது வயது கடந்த உறுப்பினர் தம் சேமிப்பை எடுக்கவோ மாற்றவோ கேட்டால், திட்டத்தின் அறங்காவலர்கள் முதலில் பென்ஷன் வைஸ் என்னவென்று விளக்க வேண்டும். சந்திப்பைத் தாங்களே பதிவு செய்து தர முன்வர வேண்டும். வழிகாட்டல் பெற்றதாகவோ வேண்டாம் என்றோ உறுப்பினர் உறுதிசெய்யும்வரை விண்ணப்பம் பொதுவாக நகராது. மறுப்பைப் பிற படிவங்களுக்கிடையே ஒரு கட்டத்தில் குறியிட்டு முடித்துவிட இயலாது. அதைத் தனியே தெரிவிக்க வேண்டும். அதைப் பதிவேட்டில் காக்க வேண்டியதும் திட்டத்தின் கடமை.

இதே நாட்டில் இதற்குச் சில மாதங்கள் முன்பே வேறொரு விதி வந்திருந்தது. 2021 நவம்பர் இறுதி முதல், பணமாற்றத்தில் மோசடிக்குரிய சில எச்சரிக்கைக் குறிகள் தென்பட்டால், உறுப்பினர் வழிகாட்டல் பெற்றதற்குச் சான்று காட்டியே ஆக வேண்டும். மறுக்கும் உரிமை அங்கில்லை. ஆக, திருடனைக் கண்டு ஐயுறும்போது கட்டாயம். தானே தவறு செய்யக்கூடும் என்னும்போது விருப்பம். சந்திப்புகளைத் தானாகவே பதிவு செய்து பார்க்கலாம் என்ற நாடாளுமன்றக் குழுவின் பரிந்துரையையும் அரசு ஏற்கவில்லை.

சோதனையின் 11 விழுக்காட்டை வெற்றி என்பதா, எஞ்சிய 89 விழுக்காட்டை நினைத்துக் கவலுவதா? நன்கு அறிந்தே மறுப்பவரும் அவர்களுள் உண்டு. தொலைபேசியின் மறுமுனையில் அவசரத்தில் 'வேண்டாம்' என்றவரும் உண்டு. இருவரின் மறுப்பும் பதிவேட்டில் ஒரே சொல்லாகத்தான் நிற்கிறது.