உளுந்தா... உழுந்தா?

உளுந்து வடை நமக்கெல்லாம் தெரியும். அதையே கம்ப்யூட்டரில் 'உழுந்து வடை' என்று அடித்துப் பாருங்கள். ஒரு பிழைதிருத்தி பேசாமல் விட்டுவிடலாம். இன்னொன்று சிவப்புக் கோடு போட்டு, 'தப்பு' என்று முறைக்கலாம்!

யார் சொல்வது சரி? மெஷினுக்கு ஏது தமிழ்? யாரோ உள்ளே போட்டுவைத்த சொற்பட்டியலும் சில விதிகளும்தான் அதற்குத் தெரியும். பட்டியல் மாறினால் தீர்ப்பும் மாறும்.

அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் ஒரு கல்யாண விருந்து வருகிறது. அங்கே பரிமாறப்படுவது 'உழுந்து'தான். யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நாம்தான் 'ளு'வுக்கு மாறிவிட்டோம். ஆக, சென்னைப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு மார்க் போட்டால் சங்கப் புலவரும் ஃபெயில், யாழ்ப்பாணத்து அம்மாவும் ஃபெயில்!

இந்தச் சண்டை கம்ப்யூட்டரோடு வந்ததில்லை. ரொம்பப் பழசு. சாட்சி வேண்டுமானால் பெசன்ட் நகருக்குப் போக வேண்டும். எலியட்ஸ் பீச்சுக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள், அருண்டேல் பீச் ரோட்டில் இருக்கும் உ.வே.சா. நூலகத்தைக் கவனித்திருக்கலாம். தமிழ்த் தாத்தா 1942-ல் மறைந்த பிறகு, ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1943-ல் தொடங்கப்பட்டது. அவர் ஊர் ஊராக அலைந்து சேர்த்த ஓலைச்சுவடிகள் அங்கேதான் இருக்கின்றன. ஒரே நூலின் இரண்டு சுவடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அவையும் ஒத்துப்போகாது!

காரணம் இருக்கிறது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியே வைக்காமல் எழுதினார்கள். அப்போதெல்லாம் எ, ஒ என்ற குறில்களுக்குத்தான் புள்ளி. அது போனதும் குறிலும் நெடிலும் ஒன்றாகிவிட்டன. 'எரி'யும் 'ஏரி'யும் ஓலையில் ஒரே மாதிரி! கதாநாயகன் குதித்தது நெருப்பிலா, தண்ணீரிலா? இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நெடிலுக்குத் தனி அடையாளம் வந்தது 18-ஆம் நூற்றாண்டில், வீரமாமுனிவர் புண்ணியத்தில்.

இதைவிடப் பெரிய ஆபத்து, கொஞ்சம் படித்த பிரதி எழுத்தாளர். தனக்குப் புரியாத சொல் வந்தால், 'முன்னே எழுதினவன் தப்புப் பண்ணிவிட்டான்' என்று தெரிந்த சொல்லாகத் திருத்திவிடுவார். மூல ஓலையைக் கரையான் தின்றுவிட்டால்... அந்தப் பழைய சொல் அவ்வளவுதான், போயே போச்சு!

உ.வே.சா. இதை எப்படிச் சமாளித்தார்? கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் தூண்டியதால், 1880-ல் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். அது அச்சில் வந்தது 1887-ல். ஏழு வருஷம்! புரியாத சமணச் செய்திகளைச் சமணர்களிடமே போய்க் கேட்டார். ஏடுகள் முரண்பட்டபோது, பொருத்தமாகத் தெரிந்த சொல்லை மேலே அச்சிட்டார். மற்றதைத் தூக்கி எறியவில்லை. பக்கத்தின் அடியில் 'பிரதிபேதம்' என்று பொடி எழுத்தில் கொடுப்பது அவர் பதிப்புகளின் வழக்கம். 'எனக்கு இது சரியென்று படுகிறது. இன்னொன்றும் இருக்கிறது, நீங்களும் யோசியுங்கள்' என்று அதற்கு அர்த்தம்!

சிவப்புக் கோட்டுக்கு இந்த அடக்கம் கிடையாது. வீட்டில் கேட்டபடி 'உழுந்து' என்று எழுதும் யாழ்ப்பாணத்துச் சிறுமி, கோட்டைப் பார்த்ததும் அழித்துவிடுவாள். அடுத்த முறை எழுதவே மாட்டாள். அந்தக் கோடு வேறு ஏதோ ஓர் ஊரின் பட்டியல் என்று அவளுக்கு யார் சொல்வது? கரையானுக்கு நூறு வருஷம் பிடித்த வேலையை இது ஒரு தலைமுறையிலேயே முடித்துவிடும்.

ஆகவே, கோடு விழுந்ததும் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். ஓர் அகராதிக்கு இரண்டாகப் புரட்டுங்கள். அப்படியே பாட்டியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்!