மணி அடித்த பிறகு திறக்கும் அறை

பெண்களுக்கும் அறிவியலுக்குமான உறவை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக வாசலில் தொடங்குகிறார்கள். 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர வந்த கமலா பாகவத்தை, பின்னாளில் கமலா சோஹோனி என்று அறியப்பட்டவரை, பெண் என்பதற்காகவே சி.வி. ராமன் முதலில் மறுத்த கதை அப்படி ஒன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, 1940இல் அதே ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்த அன்னா மணியின் கதை இன்னொன்று. அவர் ஆய்வேட்டை எழுதி முடித்தும், முதுகலைப் பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்தது. இரண்டும் சொல்லப்பட வேண்டிய கதைகள்தாம். ஆனால் அந்த வாசல்வரை வந்து சேர்ந்தவர்கள் சிலரே. அதற்கு வெகு முன்பே, பதின்மூன்று பதினான்கு வயதில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் பூட்டிய அலமாரிக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் ஏராளம். அவர்களுக்கு யாரும் எதையும் எழுத்தில் மறுக்கவில்லை. அதனால் அவர்களைப் பற்றிய ஆவணமும் இல்லை.

அந்தப் பதின்மூன்று வயதுக்காரியிடமிருந்து தொடங்கினால் வரலாறு வேறு மாதிரி தெரிகிறது. அவள் அறிவியலுக்குள் நுழைய மூன்று பூட்டுகள் திறக்க வேண்டியிருந்தது. ஒன்று பாடத்திட்டம். இரண்டு கருவி. மூன்று நேரம். முதல் பூட்டைச் சட்டமும் குழு அறிக்கைகளும் திறந்தன. மற்ற இரண்டும் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

முதல் பூட்டு பழையது. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, சிறுமிகளுக்கு எளிமையான, அவர்களுக்கென்று தனியான பாடங்கள் போதும் என்று பரிந்துரைத்தது. அதற்கு ஏழாண்டுகள் முன்பே, 1875இல், சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. முரண்போலத் தோன்றும் இது முரணல்ல. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மறுத்த பெண்களுக்குப் பெண் மருத்துவர்கள் தேவைப்பட்டார்கள். தேவை இருந்த இடத்தில் கதவு திறந்தது. அறிய வேண்டும் என்ற ஆசை மட்டும் ஒரு பெண்ணுக்கு அறிவியல் படிக்கப் போதுமான காரணமாகக் கருதப்படவில்லை.

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்த அவ்வூர்க் கல்லூரியில் சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பது ஒரு காரணம். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர் என்பது மறுகாரணம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுக்கச் சொன்னதால் சேர முடிந்தது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து மருத்துவராக வெளியே வந்தார். ஒரு மன்னர் சொன்னால்தான் ஒரு சிறுமி பெஞ்சில் உட்கார முடியும் என்ற காலம் அது. மன்னர் கண்ணில் படாத சிறுமிகள் என்ன ஆனார்கள்?

அவர்களுக்குப் பள்ளி வேண்டும். பள்ளிக்கு ஆசிரியைகள் வேண்டும். 1914இல் தொடங்கிப் பின்னர் இராணி மேரி கல்லூரி என்று பெயர் பெற்ற மகளிர் கல்லூரியையும், 1915இல் தொடங்கிய பெண்கள் கிறித்தவக் கல்லூரியையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சகோதரி சுப்பலட்சுமி குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்தவர். 1911இல் பட்டம் பெற்றார். தம்மைப்போல் விதவையான சிறுமிகளைச் சேர்த்துத் தங்கவைத்துப் படிக்க வைத்தார். 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் பொறுப்பையும் ஏற்றார். சமூகம் மூலையில் உட்காரச் சொன்ன பெண்களே கரும்பலகை முன்னால் நின்றார்கள். தமிழ்நாட்டில் பெண் கல்வி வளர்ந்ததில் அவர்களுடைய உழைப்புக்கு உரிய இடத்தை நாம் இன்னும் தரவில்லை.

தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளையும் இங்கே நினைக்கலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் பெற்ற முனைவர் பட்டம், கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் செய்த ஆய்வு, சி.டி. டார்லிங்டனுடன் சேர்ந்து 1945இல் வெளியிட்ட குரோமோசோம் அட்டவணை நூல் என்று அவர் சாதனைகள் பேசப்படுகின்றன. அவர் அமெரிக்கா போவதற்குமுன் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தார் என்பது ஒரு வரியில் கடந்துபோகிறது. அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாணவிகளில் எத்தனை பேர் ஏதோ ஓர் ஊர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஆனார்கள் என்று நாம் கேட்பதில்லை. வரலாறு தனிமனிதச் சாதனையைத் தேடும்போது கற்பித்தல் என்ற தொடர்வேலை கண்ணில் படாமல் போய்விடுகிறது.

இதற்கிடையில் பாடத்திட்டத்துக்குள் ஒரு புதிய அறை கட்டப்பட்டது. அதன் பெயர் மனையியல். 1927இல் தோன்றிய அனைத்திந்தியப் பெண்கள் மாநாடு, 1932இல் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரியைத் தொடங்கியது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. சத்துணவு, நோய்த்தடுப்பு, குழந்தை வளர்ப்பு எல்லாம் அறிவியல்தாம். சோறு பொங்குவதில் வேதியியல் இருக்கிறது என்று சொன்னது, பெண்ணின் வேலையை அறிவாக மதித்த செயலும்கூட. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. மனையியல் கூடுதலாக வரவில்லை. பல இடங்களில் இயற்பியலுக்குப் பதிலாக வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952–53இல் இயங்கிய இடைநிலைக் கல்விக் குழு, பொது அறிவியலை உயர்நிலைப் பள்ளிப் பாடமாக்கச் சொன்னது. அதே அறிக்கை பெண்கள் பள்ளிகளில் மனையியலுக்குத் தனி வசதி வேண்டும் என்றும் சொன்னது. மனையியலுக்கு அடுப்பும் தையல் மிஷினும் போதும். இயற்பியலுக்கு ஆய்வகமும், பட்டம் பெற்ற ஆசிரியரும் வேண்டும். பணமில்லாத பெண்கள் பள்ளி எதைத் தேர்ந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

1960களில் ஹன்சா மேத்தா தலைமையிலான குழு, ஆணுக்கொரு பாடம் பெண்ணுக்கொரு பாடம் என்ற பிரிவினையை ஆராய்ந்து, அது கூடாது என்றது. 1964–66 கோத்தாரி கல்விக் குழு அதை ஏற்றுக்கொண்டு, பள்ளியின் முதல் பத்தாண்டுகளில் அறிவியலும் கணக்கும் எல்லோருக்கும் கட்டாயம் என்று பரிந்துரைத்தது. காகிதத்தில் முதல் பூட்டு திறந்தது. 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோது பூட்டு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்தது. பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு ‘முதல் குரூப்’ வேண்டுமென்றால் அது உள்ளூர்ப் பள்ளியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பஸ் ஏற வேண்டும். “பஸ்ஸில் போய்ப் படிக்க வேண்டாம், இங்கே என்ன இருக்கிறதோ அதைப் படி” என்ற வீட்டுத் தீர்ப்பைக் கேட்காத தமிழ்ப் பெண்கள் குறைவு.

இனி இரண்டாவது பூட்டு. இருபால் பள்ளியில் படித்த மாணவிகள் தங்கள் செய்முறை வகுப்பை நினைத்துப் பாருங்கள். பியூரெட்டைப் பிடித்தது யார்? ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தியது யார்? அளவைக் குறித்து, படம் வரைந்து, ரெக்கார்டு நோட்டை அழகாக எழுதியது யார்? வகுப்பு முடிந்ததும் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்தது யார்? வீட்டின் வேலைப் பிரிவினை ஆய்வக மேசையில் அப்படியே மறுபடி விரிக்கப்படுகிறது. ரெக்கார்டு எழுதியவளுக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். கையில் பிடித்தவனுக்குக் கருவி பழகும். ஒவ்வோராண்டும் பொதுத்தேர்வில் மாணவிகளின் தேர்ச்சி விகிதம் மாணவர்களைவிட உயர்ந்து நிற்கிறது. செய்தித்தாள்கள் படம் போடுகின்றன. அந்த விகிதம் ரெக்கார்டு நோட்டைச் சொல்கிறது. கையைச் சொல்வதில்லை.

பல பள்ளிகளில் இந்தப் பிரிவினைக்குக்கூட இடமில்லை. கருவிகள் அலமாரியில் இருக்கும். சாவி தலைமையாசிரியரிடம் இருக்கும். உடைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சம் எல்லோரிடமும் இருக்கும். இந்த அச்சத்தை உடைக்க வழி உண்டு என்று காட்டியது மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். விலையுயர்ந்த கருவிக்குக் காத்திராமல், பக்கத்தில் கிடைப்பதைக் கொண்டு சோதனை செய்தார்கள். கருவேல முள் அறுத்துப் பார்க்கும் ஊசியானது. முள் உடைந்தால் யாரும் அபராதம் கேட்கமாட்டார்கள். முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது.

தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்தவை பெரும்பாலும் மன்றங்கள். 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987இல் ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் மாத இதழைத் தொடங்கியது. துளிர் இல்லங்கள் என்ற பெயரில் பள்ளிகளிலும் ஊர்களிலும் குழந்தைகள் கூடினார்கள். 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள், தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து, அளந்து, கணக்கெடுத்து, தங்கள் மொழியிலேயே முன்வைக்கலாம். ஊர்க்கிணற்று நீர், குப்பை, விறகடுப்புப் புகை எதுவும் ஆய்வுப் பொருளாகலாம். தண்ணீர் சுமப்பவளும் புகையை விழுங்குபவளும் பெண்ணாக இருக்கிற ஊரில், அந்தத் தலைப்புகளில் மாணவிக்கு ஏற்கெனவே களஅனுபவம் இருக்கிறது. அதற்கு அளவுகோலைக் கொடுத்தது மன்றம். எட்டாம் வகுப்பின் வளரிளம் பருவப் பாடத்தை “நீங்களே படித்துக்கொள்ளுங்கள்” என்று தாண்டிப்போகும் வகுப்பறைக்கு வெளியே, மாதவிடாய் பற்றிக் கூச்சமின்றிக் கேட்க ஓர் இடமும் அங்கே கிடைத்தது.

மூன்றாவது பூட்டு இங்கேதான் தெரிய வருகிறது. மன்றம் கூடுவது மணி அடித்த பிறகு. அல்லது சனிக்கிழமை. மாணவனுக்கு அது விளையாட்டு நேரம். மாணவிக்கு அது தண்ணீர் பிடிக்கும் நேரம், தம்பியைப் பார்த்துக்கொள்ளும் நேரம், இருட்டுமுன் வீடு சேர வேண்டிய நேரம். மன்றத்தை நடத்தும் ஆசிரியைக்கும் வீட்டில் உலை காத்திருக்கிறது. அவளுடைய மாலைக்கு ஊதியமும் இல்லை, பணிப்பதிவும் இல்லை. வான்நோக்கு நிகழ்ச்சி என்றால் இன்னும் கடினம். சனிக்கோளின் வளையத்தைப் பார்க்க இரவு வேண்டும். பெண்ணுக்கு இந்தச் சமூகம் கொடுக்காத ஒன்று இரவு. வானியலை எந்தப் பாடத்திட்டமும் பெண்ணுக்கு மறுக்கவில்லை, ஊரடங்கு மறுக்கிறது.

முத்துலட்சுமியின் புதுக்கோட்டையிலேயே இதற்கு ஒரு பதில் கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். தண்ணீர் எடுக்கும் நேரமும் சந்தைக்குப் போகும் நேரமும் சுருங்கின. யாரையும் எதிர்பார்க்காமல் மாலைக் கூட்டத்துக்குப் போய்த் திரும்ப முடிந்தது. இதை எழுத்தறிவு வரலாற்றில் சேர்க்கிறோம். அறிவியல் கல்வியின் வரலாற்றிலும் சேர்க்க வேண்டும்.

அதே புதுக்கோட்டை மீதும், கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சி மீதும் 2019 டிசம்பர் 26 காலையில் கங்கண சூரிய கிரகணம் கடந்து சென்றது. கிரகணத்தில் கர்ப்பிணி வெளியே வரக்கூடாது, காய் நறுக்கக்கூடாது, நறுக்கினால் குழந்தையின் உதடு பிளக்கும் என்பது நம் வீடுகளில் இன்றும் உள்ள பேச்சு. தடை எல்லோர்க்கும் பொதுவானதல்ல என்பதைக் கவனியுங்கள். வானத்தில் நிழல் விழுந்தால் பூட்டப்படுவது பெண்ணின் உடல். பாதுகாப்புக் கண்ணாடியைக் கொண்டுபோய்த் தன் அக்காவிடம் கொடுக்கும் ஒரு மன்றத்து மாணவி, அந்தக் காலையில் செய்வது வெறும் வானியல் அல்ல.

ஆகவே பள்ளி அறிவியல் மன்றத்துக்கு ஆதரவு என்று பேசும்போது, தொலைநோக்கி வாங்கித் தருவதோடு பேச்சு முடியக்கூடாது. கூட்டம் பள்ளி நேரத்துக்குள் வாரம் ஒரு பிரிவேளையாவது நடக்க வேண்டும். மாலையில் நடந்தால் கடைசி பஸ்ஸைக் கணக்கிட வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வர வேண்டும். பொறுப்பாசிரியையின் மணிநேரம் பணியாகப் பதிவாக வேண்டும். கருவியைப் பிடிப்பதும் ரெக்கார்டு எழுதுவதும் குடுவை கழுவுவதும் எல்லோருக்கும் முறைவைத்து மாற வேண்டும். கழுவும் முறை எந்தத் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மாணவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் பள்ளியில் முதன்முதலில் அறிவியல் கற்பித்த ஆசிரியை யார் என்று தேடுங்கள். ஓய்வுபெற்று அதே ஊரில் இருக்கக்கூடும். அவரைப் பேசச்சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை சோதனைக் குழாய்கள் வந்தன என்பதை விட்டுவிட்டு, உடைந்தவற்றின் கணக்கைப் பாருங்கள். வாங்கிய ஆண்டிலிருந்து இன்றுவரை ஒன்றுகூட உடையவில்லை என்றால், அந்த அலமாரியை யாரும் திறக்கவில்லை என்று பொருள். அதை எழுதி வையுங்கள். அதுவும் நம் வரலாறு.