பெயரற்றோரும் உருவப்படமும்

உருவப்படக்கலை ஒருவரின் முகத்தை மட்டும் காட்டுவதன்று. யார் நினைக்கத்தக்கவர் என்று ஒரு சமுதாயம் வழங்கிய தீர்ப்பையும் உடன் காட்டுவதாகும். ஐரோப்பிய மரபில் மன்னரும் குருமாரும் செல்வரும் படத்தின் நடுவிடம் பெற்றனர். கறுப்பின மக்களோ பெரும்பாலும் தட்டேந்தும் சிறுவராகவும் பணிபுரியும் ஏவலராகவும் ஓரத்தில் நின்றனர். இருபத்தோராம் நூற்றாண்டில் அமெரிக்கக் கறுப்பின ஓவியர் இம்மரபை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதையும், இனக்கொடுமையை எழுதுமிடத்து அம்மரபு அவர்க்கு எத்துணைப் பயன்பட்டது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

மரபில் பெயரும் பெயரின்மையும்

ஓரத்தே நின்றவர் நடுவே வந்த படங்களும் பழைய மரபில் உள. வெலாஸ்கெஸ் 1650இல் உரோமில் எழுதிய ஹுவான் தெ பரேகாவின் படம் அவற்றுள் ஒன்று. ஆப்பிரிக்க வழியினரான பரேகா அப்பொழுது வெலாஸ்கெசின் அடிமை; அவ்வாண்டிலேயே அவருக்கு விடுதலை ஆவணம் எழுதப்பெற்றது. பின்னர் அவரும் ஓவியராய் விளங்கினார். அவர் பெயரை நாம் அறிவோம்.

1800ஆம் ஆண்டு பாரிசுக் கலைக்காட்சியில் மரீ கியமீன் பெனுவா என்னும் பெண் ஓவியர் வைத்த படம் வேறு வகையினது. வெண்துகில் அணிந்து அமர்ந்த கறுப்பினப் பெண்ணொருவரே அதன் நடுநாயகம். ஆயினும், தலைப்பு அவருடைய இனத்தைச் சுட்டியதேயன்றிப் பெயரைச் சுட்டவில்லை. 2019இல் பாரிசின் ஒர்சே அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியில் ‘மதலேன்’ என்னும் அவர் பெயர் தலைப்பில் இடம்பெற்றது. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1794இல் ஒழிக்கப்பெற்ற அடிமைமுறையை 1802இல் நெப்போலியன் மீண்டும் நிலைநாட்டினான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்து எழுந்தது இப்படம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நிமிர்ந்த உருவும் வீழ்ந்த உருவும்

அந்நெப்போலியன் ஆல்ப்சு மலையைக் கடந்தது கோவேறு கழுதையின்மேல். 1801இல் அதனைப் படமாக எழுதிய ழாக் லூயி தாவீது, முன்னங்கால் தூக்கிப் பாயும் புரவிமேல் அவனை அமர்த்தினார்; பாறையில் பொனபார்ட், ஹானிபல், சார்லமேன் என்னும் பெயர்களைப் பொறித்தார். 1977இல் பிறந்த கெஹிண்டே வைலி, 2005இல் அதே புரவிமேல் படைவீரர் உடை போன்ற உடையணிந்த கறுப்பின இளைஞர் ஒருவரை ஏற்றினார். பாறைப் பெயர்களோடு ‘வில்லியம்ஸ்’ என்பதும் சேர்ந்தது. அஃது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பெருவழக்காயுள்ள குடிப்பெயர். அடிமைமுறையை மீட்டவனுக்குரிய பீடத்தில் அடிமைப்பட்டோரின் வழித்தோன்றல் அமர்ந்தார்.

1521–22இல் ஹான்ஸ் ஹோல்பைன் கல்லறையிற் கிடக்கும் இயேசுவின் உடலை எழுதினார். ஏறத்தாழ 200 செ.மீ. நீளமும் 30 செ.மீ. உயரமுமே உடைய அப்படம், சாவின் நெருக்கத்தை வடிவத்தாலேயே உணர்த்துவது. அதனை அடியொற்றி வைலி 2008இல் வீழ்ந்து கிடக்கும் கறுப்பினத்தாரின் படவரிசையைப் படைத்தார். 2020 மே 25 அன்று மினியாபொலிசில் ஜார்ஜ் பிளாய்டு காவலரால் கொல்லப்பட்டபின், இக்கருத்து ஓவியங்களாகவும் வெண்கலப் படிமங்களாகவும் விரிந்து, 2022இல் வெனிசு நகரில் காட்சிக்கு வந்தது.

எழும் ஐயம்

இவ்விடத்து ஓர் ஐயம் எழுதல் இயல்பே. பேரரசனின் இருக்கையைக் கடன் வாங்கினால், பெருமையை அளக்கும் பழைய அளவுகோலும் உடன் வந்துவிடாதா? கொலையுண்டாரைப் பொலிவுற எழுதுவது கொலையையே அழகாக்கிவிடாதா? வைலியின் குதிரைப்படத் தலைப்பு இன்றும் நெப்போலியனையே சுட்டுகிறது; அமர்ந்தவர் பெயர் தலைப்பில் இல்லை. மதலேனுக்கு நேர்ந்த குறை முற்றும் தீர்ந்ததென நாம் கூற இயலாது.

ஏமி ஷெரால்ட் எழுதிய படம் இவ்வையத்திற்கு ஒருவகை விடையாகும். 2020 மார்ச்சு 13 அன்று லூயிவில் நகரில், நள்ளிரவு கடந்து வீட்டினுட் புகுந்த காவலர் சுட்டதால் பிரியோனா டெய்லர் உயிரிழந்தார். அவர்க்கு வயது 26. ஷெரால்ட் அவரை வீழ்ந்தவராக எழுதவில்லை. நீலப்பசுமை ஆடையுடன், இடையிற் கை வைத்து, நம்மை நேர்நோக்கி நிற்பவராக எழுதினார். விரலில் ஒரு மோதிரம் உள்ளது. அவரை மணக்க விரும்பியவர் அணிவிக்கக் கருதியிருந்தும், அவர் பெறாது மறைந்த மணவுறுதி மோதிரம் அது. மேனியைச் சாம்பல் நிறத்தால் எழுதுவது ஷெரால்டின் வழக்கம். ஐரோப்பியர் கற்படிமத்தின் சாயலைக் காட்டக் கையாண்ட அம்முறை, ஈண்டு நிறத்தால் மனிதரை அளக்கும் பழக்கத்தைத் தடுத்து நிறுத்துகிறது. படத்தின் தலைப்பு அவர் பெயரே. 2021இல் அவ்வூர் அருங்காட்சியகமும் வாசிங்டனிலுள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகமும் கூடி அதனை வாங்கின.

முடிவுரை

வைலி மரபின் இருக்கையைக் கைப்பற்றினார். ஷெரால்ட் மரபின் ஒரு கருவியை மட்டும் எடுத்து வேறு பணிக்கு ஆக்கினார். முன்னது, யார் விலக்கப்பட்டனர் என்பதை ஒரு பார்வையில் உணர்த்துகிறது. பின்னது, இழக்கப்பட்டவர் யார் என்பதைத் தனியொருவரின் வாழ்வாகக் காட்டுகிறது. கொடுமை மனிதரை எண்ணிக்கையாக்கும் என்பதனால், பின்னதையே வலிமை மிக்க வழியென நாம் கருதுகிறோம். எனினும், முன்னதன் துணிவின்றிப் பின்னதற்கு இடம் எளிதிற் கிடைத்திராது என்பதும் உடன் கூறத்தகும்.