கூட்டின் பஞ்சு

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலைத் தாண்டி வடக்கே செல்லும் பெருவீதி, நாலந்தை, தம்புள்ளை ஊடாக வரண்ட காட்டுப் பிரதேசத்தை நோக்கி இறங்குகிறது. இன்று பஸ்வண்டிகள் விரையும் இத்திசையிலிருந்தே, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், இராமநாதபுரக் கரையில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் கூட்டங் கூட்டமாக நடந்து வந்தனர். ஏறத்தாழ 150 மைல். காய்ச்சலும் வாந்திபேதியும் பட்டினியும் அவர்களுட் பலரை வழியிலேயே மாய்த்தன. மாண்டோர் தொகை பற்றிச் சரித்திராசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அவ்வாதத்தில் நாம் இங்கு இறங்கப் போவதில்லை. வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள் எத்தகைய தொட்டிலில் வளர்ந்தனர் என்பதே நமது வினா.

கோப்பிக் காலத்தில் வந்தோர் பெரும்பாலும் ஆண்கள். பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன்பின் மலைகளில் தேயிலை படர்ந்தது. மாத்தளைப் பகுதியில் கொக்கோவும் இறப்பரும் கூட இடம்பெற்றன. தேயிலைக்கு அறுவடைப் பருவம் என ஒன்றில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும். ஆண்டு முழுவதும் அதைக் கிள்ள விரல்கள் வேண்டும். மூலதனத்துக்குப் பெண் தேவைப்பட்டாள். பெண்ணோடு குடும்பம் நிலைத்தது. லயத்துக் காம்பராவின் கூரைவளையில் சேலைத் தொட்டில் தொங்கியது.

அக்காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. சமையலும் உறக்கமும் பிரசவமும் அதற்குள்ளேதான். விடியுமுன் தாய் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். குழந்தை பிள்ளைக் காம்பராவில் விடப்படும். பால் கட்டி மார்பு நோகும் நேரத்தில் அல்ல, வேலை ஒழுங்கு இடங்கொடுக்கும் நேரத்திலேயே அவள் மலையிறங்கி வந்து பாலூட்டுவாள். ஊட்டி முடியுமுன் மீண்டும் மலையேறுவாள். 1927ஆம் ஆண்டின் சம்பளச் சட்டத்தின்கீழ் உயர்மலைத் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். சிறுவருக்கும் ஒரு விலை குறிக்கப்பட்டதை வாசகர் கவனிக்க வேண்டும். பிள்ளைப் பருவம் எங்கே முடிந்தது என்பதை அது சொல்லும்.

இப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளையே இன்று நாம் வகுப்பறையில் காண்கிறோம். அவர்களைப் பற்றி ஆசிரியர் அறைகளில் அடிக்கடி ஒரு பேச்சு எழும்: “இதுகளின் மண்டையில் ஒன்றும் ஏறாது; பரம்பரை அப்படி; தாய்மாருக்கும் அக்கறை கிடையாது.” படித்தவர் வாயிலிருந்து வருவதால் இப்பேச்சு விஞ்ஞானம் ஆகிவிடுமா? விஞ்ஞானம் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்க்க, வாசகரை மாத்தளையிலிருந்து சற்றுத் தூரம் அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது: எலி வளர்க்கும் ஆய்வுகூடங்களுக்கு.

கலிபோர்னியாவில் தாலி பராம் என்னும் பெண் விஞ்ஞானியும் அவரது குழுவினரும் கையாண்ட ஒரு முறை நம் கவனத்துக்குரியது. அவர்கள் தாயைக் குட்டிகளிடமிருந்து பிரிக்கவில்லை, உணவையும் குறைக்கவில்லை. கூட்டின் அடியில் கம்பி வலையை விரித்து, கூடமைக்கும் பொருளை மட்டும் மிகச் சிறிதாகக் குறைத்தனர். பிறந்த இரண்டாம் நாள் முதல் ஒன்பதாம் நாள் வரை, ஒரு வாரந்தான். தாய் எலி நிலைகொள்ளாது தவித்தது. பாலூட்டத் தொடங்கும், இடையில் எழுந்து ஓடும், திரும்பி வரும், மீண்டும் ஓடும். குட்டிகளோடு அது கழித்த மொத்த நேரம் பெரிதாகக் குறையவில்லை. பராமரிப்பின் ஒழுங்கே சிதறிப் போயிற்று. அக்குட்டிகளின் உடலில் நெருக்கடிச் சுரப்பு மிகுந்தது. அவற்றுள் ஆண் எலிகள் நடுவயதை எட்டியபோது, ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி தளர்ந்து, கற்றதை மறந்தன.

பிரௌன் பல்கலைக்கழகத்தில் கெவின் பாத் குழுவினர் சுண்டெலிகளில் இதனையொத்த முறையைக் கையாண்டனர். 2016இல் அவர்கள் வெளியிட்ட முடிவு விந்தையானது: வறிய கூட்டில் வளர்ந்த ஆண் குட்டிகளின் ஹிப்போகாம்பஸ் பிந்தவில்லை, முந்திவிட்டது, உரிய காலத்துக்கு முன்னரே முதிர்ந்தது. பிஞ்சிலே பழுத்தல் என்று நம்மவர் சொல்வது இதைத்தான் போலும். 2018இல் இன்னொன்று தெரிந்தது. உணவு இருக்கும் இடத்தை ஓர் அடையாளத்தால் அறியப் பழக்கிய பின் அவ்விதியைத் தலைகீழாக மாற்றினர். வறிய கூட்டின் ஆண் சுண்டெலிகள் சமாளித்தன. பெண் சுண்டெலிகள் திணறின. கண்குழிகளுக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதியில், கிளர்ச்சியை அடக்கும் ஒருவகை நரம்புக் கலங்கள் பெண்களில் குறைந்திருந்ததே காரணம். ஒரே கூடு, ஒரே தாய், ஒரே வறுமை. ஆயினும் காயம் ஆணில் ஓரிடத்திலும் பெண்ணில் வேறோரிடத்திலும் விழுந்தது.

இவ்வேறுபாடு இத்துணைக் காலம் தாழ்த்தித் தெரியவந்தது ஏன்? பெண் எலியைப் பெரும்பாலோர் பரிசோதிக்கவில்லை. 2009இல் வெளிவந்த ஆய்வுகளை எடுத்து எண்ணிப் பார்த்தவர்கள், நரம்பியலில் ஆண் விலங்கை மட்டும் பயன்படுத்திய ஆய்வுகள் பெண் விலங்கை மட்டும் பயன்படுத்தியவற்றைப் போல் ஐந்தரை மடங்கு எனக் கண்டனர். பெண் விலங்கின் இனப்பெருக்கச் சுழற்சி கணக்கைக் குழப்பும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட சாக்கு. தோட்டக் கணக்கேடும் பெண்ணை இவ்வாறே நடத்தியது. முழுவேலை வாங்கிக் குறைகூலி எழுதியது. 1984ஆம் ஆண்டில்தான் இருபாலாருக்கும் ஒரே நாட்சம்பளம் என்றாயிற்று.

எலியின் கதையை மனிதப் பிள்ளை மீது அப்படியே சுமத்துதல் அறிவுடைமையன்று. தோட்டத்துச் சிறுமி பின்தங்கினால் அவளது முன்மூளையை ஆராயுமுன், தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள் எத்தனை நாள் வீட்டில் நிறுத்தப்பட்டாள் என்று வரவுப் பதிவேட்டைப் பார்ப்பதே முறை. ஆயினும் இரண்டு செய்திகளை எலி நமக்கு ஐயமறச் சொல்கிறது. முதலாவது, தாயின் அக்கறை பற்றியது. அந்தத் தாய் எலி கெட்டதன்று. அதன் கூட்டிலிருந்து பஞ்சை எடுத்தவன் வேறொருவன். இரண்டாவது, பரம்பரை பற்றியது. மொன்றியலில் மைக்கேல் மீனி குழுவினர், குட்டிகளை அதிகம் நக்கிப் பேணாத தாயின் குட்டிகளை, நன்கு பேணும் தாயிடம் பிறந்தவுடன் மாற்றிவிட்டுப் பார்த்தனர். அவை வளர்ந்தபின் வளர்ப்புத் தாயின் குட்டிகளைப் போன்றே அச்சம் குறைந்து நடந்தன. தாயைப் பிரித்து வைத்துக் கெடுக்கப்பட்ட குட்டிகளைப் பின்னர் விசாலமான, விளையாட்டுப் பொருள்கள் நிறைந்த கூட்டில் விட்டபோது, கேட்டின் விளைவுகள் பெருமளவு மறைந்ததாக 2002இல் அறிவித்தனர். சிதைந்தவன் சிதைந்தவனே என்று பள்ளிப் பிள்ளையைத் தள்ளிவைக்க விரும்புவோருக்கு எலியிடமிருந்து ஆதரவு கிடையாது.

பஞ்சை எடுத்த கைகள் சரித்திரத்தில் பல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எந்தக் கரையில் வளர்வோம் என்று தெரியாத பிள்ளை நிலையான கூட்டை எங்ஙனம் அறியும்? 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில், காணித்துண்டேதும் இல்லாத தோட்டத் தொழிலாளரே மிகுதியாக மாண்டனர். அக்காலத்தில் தோட்டக் குழந்தைகளின் மரணவிகிதம் நாட்டுச் சராசரியின் இருமடங்குக்கு மேற்பட்டது. அப்போது கருவிலிருந்தோருக்கு இன்று ஐம்பது வயது. நம் மாணவருட் பலரின் பாட்டன், பாட்டியர் அவர்களே. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளுள் ஏறத்தாழ 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். நாடு முழுவதற்கும் அது 17 சதவீதம்.

பிள்ளைக் காம்பராவுக்கு இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். 1939இல் பிறந்த பிரசவ நன்மைச் சட்டம் பல திருத்தங்களைக் கண்டு, 84 நாள் விடுமுறை வழங்குகிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குப் பாலூட்ட, ஒன்பது மணி நேரத்துக்குள் இரு இடைவேளைகளையும் அது கட்டாயமாக்குகிறது. பிள்ளைக் காம்பரா உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரைமணி. நல்ல சட்டமே. ஆனால் எல்கடுவை, இரத்தோட்டைப் பக்கத்து மலைச்சரிவுகளை அறிந்தோர், தூரத்து மலையில் நிற்பவள் இறங்கி ஏறுவதற்கே அந்த அரைமணி போதுமா என்று கேட்பர். நிறை குறைந்தால் அரைப்பேர். பாலூட்டிய அந்த அரைமணிக்குரிய கொழுந்தைத் தராசு தள்ளிக் கொடுப்பதாக நாம் கேள்விப்பட்டதில்லை.