நட்ட தென்னை யாருக்கு?

நிலம் ஒருவருடையது. குத்தகைக்காரர் கேட்காமலேயே தென்னை நட்டு, கிணறு வெட்டி, வீடும் கட்டிவிட்டார். இனி அது யாருக்கு?

பிரிட்டிஷ் இந்தியாவின் 1882 சொத்து மாற்றுச் சட்டம் நிலக்காரர் பக்கம். அவர் சம்மதமின்றி நிரந்தரக் கட்டடம் கூடாது. விவசாயத் தேவைக்கு மட்டும் விலக்கு.

நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூரில். அங்கே கதை வேறு. குடியானவர் வைத்த மரத்துக்கும் வெட்டிய கிணற்றுக்கும் 'குழிக்கூறு' என்று ஈட்டுத்தொகை பேசப்பட்டது. 1865-ல், திவான் மாதவராவ் காலத்தில், சர்க்கார் தன் பாட்ட நிலத்தையே வரி கட்டும்வரை சாகுபடிக்காரருக்குச் சொந்தமாக்கியது. தனியார் ஜென்மிகள் சும்மா விடுவார்களா? 1867 விளம்பரம் பாக்கியின்றிக் கட்டும் காணக் குடியானவரை வெளியேற்றத் தடை போட்டது. 1896 ஜென்மி குடியான் சட்டம் அதை உறுதியாக்கியது. ஜென்மிக்கு மிஞ்சியது பெரும்பாலும் வசூல் உரிமைதான்..

1956-ல் குமரி தமிழகத்தோடு சேர்ந்தது. ஸ்ரீபண்டாரவகை நிலங்களை ரயத்துவாரியாக்க 1964-ல் தனிச் சட்டமே வந்தது.