ஒரு பாக்டீரியா, ரெண்டு நகரம், ஒரு கோர்ட் கேஸ்

எம்பிபிஎஸ் ரெண்டாம் வருஷம் மைக்ரோபயாலஜி லேப்ல ஒரு கல்ச்சர் பிளேட்ட மட்டும் யாரும் மறக்க மாட்டோம். ரத்தச் சிவப்புல காலனி. பேரு செராஷியா மார்செசென்ஸ். இன்னைக்கு ஐசியூல இந்தப் பேர் ரிப்போர்ட்ல வந்தா எங்களுக்கு வயித்துல புளியைக் கரைக்கும். அதோட பழைய பேரு பேசில்லஸ் புரோடிஜியோசஸ்.

இந்தக் கிருமிய 107 பீப்பாய் நிறைய வளர்த்து ஒரு கால்வாய்ல வேணும்னே கொட்டினாங்க. வருஷம் 1901. இடம் சிகாகோ. கொட்டினது செயின்ட் லூயிஸ் தரப்பு. எதுக்குன்னு புரியணும்னா அம்பது அறுபது வருஷம் பின்னாடி போகணும் மக்களே. நீளமான த்ரெட், டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

1840ல அமெரிக்காவோட நடுப்பகுதிக்கு எது தலைநகரமா வரும்னு யாரையாவது கேட்டிருந்தா யோசிக்காம செயின்ட் லூயிஸ்னு சொல்லியிருப்பாங்க. 1764ல பிரெஞ்சு தோல் வியாபாரிங்க உருவாக்கின ஊர். மிசிசிப்பியும் மிசூரியும் சேர்ற இடத்துக்குக் கொஞ்சம் தெக்கே. மேற்கே போற ஒவ்வொருத்தனும் அங்கதான் சாமான் வாங்கணும். மக்கள்தொகை 16,000 சொச்சம். சிகாகோ அப்போ 4,500 பேர் கூட இல்லாத சேத்துக்காடு.

நாப்பது வருஷம் கழிச்சு 1880ல சிகாகோ 5 லட்சத்துக்கு மேல. செயின்ட் லூயிஸ் மூணரை லட்சம். 1890ல சிகாகோ 10 லட்சத்தத் தாண்டி நியூயார்க்குக்கு அடுத்த இடத்துல உக்காந்துருச்சு. என்னதான் நடந்துச்சு?

முதல் திருப்பம் ரெண்டு ஊர்லயுமே நடக்கல. 1825ல நியூயார்க் மாநிலம் 363 மைல் நீளத்துக்கு ஈரி கால்வாய வெட்டி முடிச்சுது. ஹட்சன் நதி பெரிய ஏரிகளோட சேர்ந்துச்சு. அதுவரைக்கும் நடுப்பகுதி விளைச்சல் தெக்கே மிசிசிப்பி வழியா நியூ ஆர்லியன்ஸ் போனாதான் கடலப் பாக்கும். இப்போ மிச்சிகன் ஏரில ஏத்தினா நேரா நியூயார்க். அந்த ஏரியோட தென்மேற்கு மூலைல இருந்தது சிகாகோ.

அப்புறம் 1848. அந்த ஒரே வருஷத்துல சிகாகோவுக்கு மிசிசிப்பி பக்கம் போற 96 மைல் கால்வாய் திறந்துச்சு, முதல் ரயில் ஓடுச்சு, தந்தி வந்துச்சு, தானிய வியாபாரிங்களோட போர்டு ஆஃப் டிரேட் ஆரம்பிச்சுது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம் கோதுமை மூட்டைதான். செயின்ட் லூயிஸ்ல தானியம் நீராவிப் படகுல மூட்டையா வரும். ஆளுங்க முதுகுல சுமந்து கரையில இறக்குவாங்க. யார் மூட்டை யாருதுன்னு கடைசி வரைக்கும் தெரியும். சிகாகோல ரயில் பெட்டில வந்தத நீராவி எந்திரம் உதிரியாவே அள்ளி உயரமான கிடங்குல கொட்டிரும். பத்து விவசாயி கோதுமை ஒண்ணாக் கலந்துருச்சுன்னா உன்னுது எதுன்னு எப்படிச் சொல்றது? அதனால தரம் பிரிச்சாங்க. இந்தத் தரத்துல இத்தன அளவுன்னு ரசீது கொடுத்தாங்க. அந்த ரசீது கைமாற ஆரம்பிச்சுது. இன்னும் வராத தானியத்துக்கும் இன்னைக்கே விலை பேசுனாங்க. இன்னைக்கு டிவி பிசினஸ் நியூஸ்ல கேக்குற ஃபியூச்சர்ஸ் வியாபாரம் இப்பிடி வளந்ததுதான்.

செயின்ட் லூயிஸ் இத வேடிக்கை பாத்துட்டு இருந்துச்சான்னா, பாவம், அதுக்கு நேரமும் சரியில்ல. 1849ல காலரா. நாலாயிரம் பேருக்கு மேல செத்தாங்க. சின்ன ஊர்ல இது எவ்வளவு பெருசுன்னு யோசிங்க, அடுத்த வருஷக் கணக்குல மொத்த ஜனமே 78,000க்குள்ளதான். அதே வருஷம் மே மாசம் ஒரு படகுல பிடிச்ச தீ கரைக்குத் தாவி ஊர் மையத்தயும் எரிச்சுது.

ஆனா தோத்ததுக்குக் காரணம் காலரா இல்ல. சிகாகோலயும்தான் காலரா வந்துச்சு. அந்த ஊர் ஆத்த நம்புச்சு, அதான் என் கணக்கு. படகு முதலாளிங்க ரயில் பாலத்தயே எதிரியாப் பாத்தாங்க. 1856ல ராக் ஐலண்டுல மிசிசிப்பி மேல முதல் ரயில் பாலம் வந்துச்சு. திறந்து ரெண்டு வாரத்துல எஃபி ஆஃப்டன்னு ஒரு நீராவிப் படகு மோதி பாலத்துல ஒரு பகுதி எரிஞ்சு போச்சு. படகுக்காரங்க நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாங்க. பாலத்துக்காக வாதாடுன வக்கீல்கள்ல ஒருத்தர் ஆபிரகாம் லிங்கன். ஜூரிக்குள்ள ஒத்த முடிவு வரல. பாலம் நின்னுச்சு, ரயில் சிகாகோவுக்கு ஓடுச்சு.

1861ல உள்நாட்டுப் போர். தெக்கே ஆத்து வழி அடைபட்டுச்சு. போர் முடிஞ்ச 1865 கிறிஸ்துமஸ் அன்னைக்கு சிகாகோல யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் திறந்தாங்க. இறைச்சி வியாபாரமும் அங்க போயிருச்சு.

செயின்ட் லூயிஸுக்குன்னு ஒரு பாலம் வந்தது 1874லதான். ஈட்ஸ் பாலம். டாக்டரா இருந்துட்டு இதக் கடந்து போக முடியாது. ஆத்துக்கு அடில அழுத்தக் காத்து அடைச்ச அறைல உக்காந்து அஸ்திவாரம் தோண்டுனாங்க. மேல வந்ததும் ஆளுங்க வலில சுருண்டு விழுந்தாங்க, கால் விளங்காமப் போச்சு, ஒரு டஜனுக்கும் மேல செத்தாங்க. வேலைக்குப் பொறுப்பா இருந்த டாக்டர் அல்ஃபோன்ஸ் ஜாமினே, என்னன்னு பாக்க தானே கீழ இறங்கினார். ரெண்டே முக்கால் மணி நேரம் இருந்துட்டு மூணரை நிமிஷத்துல மேல வந்தார். அவருக்கும் பக்கவாதம் மாதிரி அடிச்சு, பொழச்சு எழுந்து அத எழுதி வச்சார். டீகம்ப்ரஷன் சிக்னஸ் பத்தின ஆரம்பகாலப் பதிவுகள்ல அது ஒண்ணு. மெதுவா மேல வரணும்ங்கிறது அன்னைக்குப் பரவலாத் தெரியாது.

சரி, பீப்பாய்க்கு வருவோம்.

ஜெயிச்ச சிகாகோவுக்கு ஒரு அசிங்கமான பிரச்சனை. சாக்கடையும் இறைச்சிக் கூடத்துக் கழிவும் சிகாகோ ஆத்துல, ஆறு போய் ஏரில, குடிதண்ணி அதே ஏரில. 1885ல 90,000 பேர் காலரால செத்தாங்கன்னு நெட்ல ஒரு கதை சுத்துது, நம்பாதீங்க, அப்படி எதுவும் நடக்கல. நெசமா நடந்ததே போதும். 1891ல டைபாய்டுல மட்டும் கிட்டத்தட்ட 2,000 சாவு.

அவங்க எடுத்த வைத்தியம், ஆத்தையே திருப்பிட்டாங்க. 28 மைல் கால்வாய் வெட்டி, ஏரிக்குப் போன ஆத்த இல்லினாய் நதி வழியா மிசிசிப்பிக்கு விட்டாங்க. 1900 ஜனவரி 2ல, தடை உத்தரவு வர்றதுக்கு முன்னாடி முடிச்சிரணும்னு சத்தமில்லாம கரையை வெட்டிவிட்டாங்க. அந்தச் சாக்கடை 350 மைலுக்கு மேல ஓடி எங்க போகும்? பழைய போட்டியாளர் தண்ணி எடுக்குற இடத்துக்கு.

அதே மாசம் மிசூரி மாநிலம் நேரா உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. உங்க சாக்கடையால எங்க ஊர்ல டைபாய்டுன்னு. நிரூபிக்கணுமே? அதுக்குத்தான் புரோடிஜியோசஸ். சிவப்பா வளரும், சுலபமா அடையாளம் தெரியும், அப்போ அது தீங்கில்லாததுன்னு நம்புனாங்க (அந்த நம்பிக்கை தப்பு). நவம்பர் 6ல கொட்டினாங்க. டிசம்பர் 4ல செயின்ட் லூயிஸ் தண்ணி எடுக்குற கோபுரத்துல ஒண்ணு சிக்குச்சு.

1906ல தீர்ப்பு. நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். மிசூரி தோத்துச்சு. இந்தக் கிருமி வந்துருச்சுங்கிறதால டைபாய்டு கிருமியும் அவ்வளவு தூரம் உயிரோட வரும்னு ஆகாது. வழில எத்தனையோ ஊர் சாக்கடை சேருது, மிசூரியோட சொந்த ஊர்களும் ஆத்துலதான் விடுது. கூடவே, கண்ணுக்குத் தெரியாத காரணத்த வச்சு இப்படி ஒரு வழக்கு அம்பது வருஷம் முன்னாடி வந்திருந்தா கிட்டத்தட்ட நிச்சயமாத் தோத்திருக்கும்னும் சொன்னார்.

படிச்சப்போ எனக்குக் கோபம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சா, ஒரே ஒரு காலனிய வச்சு இதுதான் காரணம்னு நானும் எழுத மாட்டேன். அதே சமயம், வார்டுல காய்ச்சலோட படுத்திருக்கிறவங்களுக்கு இந்த நியாயத்தால என்ன லாபம்?

செயின்ட் லூயிஸ் தீர்ப்புக்குக் காத்திருக்கல. 1904ல உலகப் பொருட்காட்சி நடத்தணும், வர்றவங்களுக்குக் காப்பிக் கலர் தண்ணிய எப்படிக் கொடுக்கிறது? சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டு வண்டலப் படிய வச்சு, பொருட்காட்சிக்குச் சில வாரம் முன்னாடி குழாய்ல தெளிஞ்ச தண்ணி விட்டாங்க. சிகாகோ 1912ல குளோரின் சேக்க ஆரம்பிச்சுது. செயின்ட் லூயிஸோட சாக்கடை அப்போ எங்க போச்சுன்னு கேப்பீங்க. அதே மிசிசிப்பிதான், கீழ இருக்கிற ஊர்களுக்கு.