கோச்சிப் பாதையின் நட்டும் போல்ட்டும்



நமது கோச்சிப் பாதையின் வரலாற்றை நாம் ஆண்டுகளாகவே படிக்கிறோம். கண்டிக்கு 1867, ஹட்டனுக்கு 1884, நானுஓயாவுக்கு 1885, பதுளைக்கு 1924. கோப்பியும் பிறகு தேயிலையும் கொழும்புக்கு இறங்கத்தான் வெள்ளைக்காரன் இதைப் போட்டான். போட்ட பாதை இத்தனை காலம் நின்றது எப்படி?

இரண்டு தண்டவாளங்கள் சந்திக்கும் இடத்தில் இரு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டு இறுக்குவார்கள். 'பிஷ் பிளேட்' எனும் இந்த முறைக்கு வில்லியம் பிரிட்ஜஸ் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் 1847இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு, 1841இல், ஜோசப் விட்வர்த் போல்ட்டின் புரிகளுக்குப் பொது அளவு வகுத்திருந்தார். எங்கே செய்த நட்டும் அதே அளவு போல்ட்டில் ஏறும் காலம் அப்படித்தான் தொடங்கியது.

நட்டை முறுக்கும்போது போல்ட் ரப்பர் பட்டிபோல மிகச் சிறிது நீளும். திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுவைதான் தகட்டைப் பிடித்து வைக்கிறது. முறுக்கு குறைந்தால் பிடி இல்லை. கூடினால் போல்ட் அறுந்துவிடும். அத்துடன் வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் தண்டவாளத்துக்கு மூட்டு கொஞ்சம் இடமும் கொடுக்க வேண்டும்.

நமது மலையில் 44 அடிக்கு ஓர் அடி ஏற்றம் உண்டு. இறங்கும் கோச்சி பிரேக் பிடிக்கும்போது தண்டவாளத்தையே கீழ்நோக்கித் தள்ளும். சக்கரம் மூட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் தண்டவாளம் அமுங்கி எழும். இரண்டுமே போல்ட்டுக்குக் குறுக்கான அசைவுகள். நட்டைக் கழற்றுவதில் இந்தக் குறுக்கு அசைவே மிகப் பொல்லாதது என்று 1969இல் ஜெர்மனியின் கெர்ஹார்ட் யுங்கர் சோதித்துக் காட்டினார். நட்டின்மேல் இன்னொரு நட்டு, வெட்டு விட்ட ஸ்பிரிங் வாஷர், நைலோன் வளையம் வைத்த நட்டு என்று பூட்டும் வழிகள் பல வந்தன. ஆனாலும் மனிதக் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

மழையிலும் பனியிலும் நீண்ட ஸ்பேனரைத் தோளில் போட்டுக்கொண்டு பாதை நெடுக நடந்து, தளர்ந்ததை இறுக்கிய தொழிலாளர்களும் இந்த வரலாற்றில் சேர்ந்தவர்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

பாதையோரம் நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்: அங்கே கிடக்கும் போல்ட் பழைய இரும்புக் கடைக்குரியது அல்ல. தளர்ந்த ஒன்றைக் கண்டால் தொடாமல், பெரியவர்கள் மூலம் உடனே ஸ்டேஷனுக்கு அறிவிக்க வேண்டும். அந்தக் கோச்சியில் வருவது நம்மவர்கள்தான்.